செவ்வரத்தைக் காய் முற்றுமுன் வந்த புயல்

மகரந்தம் தடவுவது எப்படி என்று உங்களுக்கு நான் எழுதப்போவதில்லை. ஒரு கிழமை பூவோடு நின்றால் கை தானாகப் பழகிவிடும். வானத்துக்குப் பயப்படுவதுதான் கடைசிவரை பழகாத காரியம். வேலையை விட்டு வீட்டிலிருக்கும் இந்த நாட்களிலும், கார்த்திகையில் தென்னோலை ஒரு மாதிரிச் சலசலத்தால் எழும்பிப் போய் வாசலில் நின்று பார்க்கிறேன். புதிதாகத் தோட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பயத்தைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

கோப்பாயில் நான் வேலைசெய்த பூச்செடித் தோட்டத்தில் செவ்வரத்தையில், அதாவது செம்பருத்தியில், புது இனம் எடுப்போம். செவ்வரத்தை காய்க்கும் என்பதே நம்மூரில் பலருக்குத் தெரியாது. வேலியில் நிற்பது பூத்துக்கொட்டுமே தவிரக் காய்க்காது. சில இனங்களில் மட்டும், ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் நடுத்தண்டு நுனியில் கையால் தடவினால், பூ விழுந்த இடத்தில் பச்சையாய் ஒரு சின்னக் காய் திரளும். அதற்குள் இருக்கும் விதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு புதுச் செடி.

ஆனால் பூவுக்கு ஆயுள் ஒரு பகல். அந்தப் பகலில் ஒரு தூறல் விழுந்தால் மகரந்தம் நீர்பட்டு வெடித்துவிடும். பங்குனி சித்திரை வெயிலில் தண்டின் நுனி காய்ந்துபோகும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால் பிடித்த பிஞ்சும் நிற்காது. மழைக்கிடையில் வாடை மெல்ல வீசி, காலை குளிர்ந்து கிடக்கிற சில நாட்களில்தான் காய் நன்றாகப் பிடிக்கும். புயல் வருவதும் அதே காலத்தில்தான். எங்களுக்கு வேண்டிய பருவமும் நாங்கள் பயப்படும் பருவமும் ஒன்றாய் இருப்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. வெயிலுக்குத் துவளாமல் பொழுதுபடும்வரை நிமிர்ந்து நிற்கிற சிவப்புச் செவ்வரத்தை ஒன்று எடுக்கவேண்டும் என்பது தோட்டத்து ஐயாவின் நெடுநாள் ஆசை. பூசைக்குக் காலையில் ஆய்ந்து பறிக்கிற பூ மத்தியானத்தில் வதங்கிவிடுகிறது என்று கோயிலடியில் சனங்கள் சொல்லிக்கொண்டேயிருப்பார்கள். வருடக்கணக்காய் முயன்று, அந்த ஐப்பசியில்தான் இரண்டு தாய்ச்செடிகளில் காய் பிடித்தது. ஒரு செடி தோட்டத்து நடுவில், உயர்ந்த பாத்தியில். அதில் தாழ்வான ஒரு கிளையில் மூன்று காய். மற்றது அதற்கும் அப்பால், வேலிக்கரையில். அதில்தான் காய் அதிகம், திரட்சியும் அதிகம். மகரந்தம் தந்த தகப்பன்செடியோ அடுத்த மழையிலேயே வேரழுகிச் செத்துவிட்டது. இந்தக் காய்கள் போனால் திரும்பச் செய்ய வழியில்லை.

கார்த்திகைக் கடைசியில் வானொலியில் புயல் எச்சரிக்கை வந்தது. ஐயா கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில். மற்ற வேலையாட்களை நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் தோட்டத்துக்குப் பக்கத்து ஒழுங்கைத் தெருவில் குடியிருந்தபடியால் போனேன். யூட் மட்டும் சொல்லியும் கேளாமல் வந்திருந்தார்.

யூட் குருநகர் ஆள். கடற்றொழில் குடும்பம். தகப்பனும் தமையனும் கடலில் நிற்க, இவர் மட்டும் செடியை விரும்பி எங்களிடம் வந்தவர். அன்றைக்கு அவர் நனைந்து விறைத்துப்போய்ச் சைக்கிளை விட்டிறங்கினார். சட்டைப் பையில் பொலித்தீனால் சுற்றிய போன். அதை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

“என்ன யூட், ஆருக்கு எடுக்கிறீர்?”

“அண்ணைக்கு அக்கா. நேற்று எச்சரிக்கை வரமுன்னம் வலையெடுக்கப் போனவர். இன்னும் கரைக்கு வரேல்லை. போன் வேலைசெய்யுதில்லை.”

“பிறகென்னத்துக்கு இஞ்சை வந்தனீர்? திரும்பிப் போம். வீட்டிலை அப்பாவும் அம்மாவும் அண்ணியும் தவிச்சுக்கொண்டெல்லோ இருப்பினம்?”

“அயலட்டைச் சனம் முழுக்க வீட்டிலைதான் நிக்குது அக்கா. இந்தக் காயளை ஒருவழி பண்ணிப்போட்டுப் போறன்.”

வேலையில் இவ்வளவு பற்றா என்று நினைத்தேன். அப்போது அதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஐயா கொழும்பிலிருந்து போன் எடுத்தார்.

“பிள்ளை, காயை இப்பவே ஆய்ஞ்சு வைச்சால் என்ன?”

“உள்ளுக்கை விதை இன்னும் பாலாய்த்தான் இருக்கும் ஐயா. முளைக்காது.”

“விட்டால்?”

“காத்துக் கொண்டுபோயிடும்.”

“நீர்தானே அங்கை நிக்கிறீர். உமக்குச் சரியெண்டு படுறதைச் செய்யும்.”

லைன் அறுந்துவிட்டது. பிள்ளைகளே, உங்களுக்கும் ஒருநாள் யாராவது இப்படிச் சொல்வார்கள். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல். உனக்குச் சரியென்று படுவதைச் செய் என்று மேலிடம் சொல்லும்போது, பிழைத்தால் அது முழுக்க உங்கள் பிழை. பயத்தோடு யோசிக்கக்கூடாது என்று சொல்வார்கள். பயம் போகும்வரை புயல் காத்திருக்குமா?

பாத்தியில் நின்ற செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து நிலத்தோடு கட்டி, மேலே எதையாவது கவிழ்த்து மூடலாம் என்று எனக்குப் பட்டது. நோய் வராமல் நாற்றுமண் அவிக்கிற, அண்டா மாதிரிப் பெரிய கிடாரம் ஒன்று களஞ்சிய அறையில் கிடந்தது. அதை யூட்டும் நானும் காதுக்கொருவராய்த் தூக்கிக்கொண்டு போனோம்.

கிளை விரல் பருமன். பாதி முற்றி மரமாகியிருந்தது. வளைத்தால் வளையலாம், முறிந்தால் முறியலாம். காற்று அப்போதே குறுக்கும் மறுக்குமாய் வீசத் தொடங்கிவிட்டது. காகம் ஒன்றுகூட இல்லை. வானம் அடிபட்ட இடம் கன்றிப்போனது மாதிரிக் கறுத்துக் கிடந்தது. யூட் கிளையின் அடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். நான் நுனியை மெல்ல மெல்லக் கீழே அமர்த்தினேன்.

‘நெறுக்’ என்று ஒரு சத்தம்.

இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம். 

“முறிஞ்சிட்டுதோ?” என்றேன். குனிந்து பார்க்கத் தைரியமில்லை.

யூட் விரலால் தடவிப் பார்த்தார். “பட்டைதான் அக்கா. உள்ளுக்கு முறியேல்லை. விடாதேங்கோ, அப்படியே பிடியுங்கோ.”

அப்படியே பிடித்துக்கொண்டு, வாழைநாரால் முளைக்கம்பில் கட்டினோம். கயிறென்றால் பட்டையை அறுத்துவிடும். கிளைக்காக விளிம்போரம் மண்ணைத் தோண்டி இடம்விட்டுக் கிடாரத்தைக் கவிழ்த்தோம். மேலே கல், சுற்றிவர மண்நிரப்பிய சாக்கு. அதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது தூரத்தில் பனைகள் எல்லாம் ஒரே பக்கமாய்ச் சாய்ந்திருப்பதைக் கண்டேன். சாய்ந்தவை திரும்பி நிமிரவில்லை.

வேலிக்கரைச் செடி மிச்சம். பாதியாய் வெட்டிவைத்த பழைய தண்ணீர்த்தாங்கி ஒன்றால் அதை மூடுவதாக நினைத்திருந்தோம். அதை எடுக்க அறைக்குள் ஓடிவந்தோம். வாசலைத் தாண்டவும் காற்று வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை வீசியதெல்லாம் காற்றே இல்லை. நாற்றுக்கொட்டிலின் தகரம் ஒன்று மேலே எழும்பி, கடுதாசி மாதிரிச் சுழன்று, முருங்கையைப் பாதியில் வெட்டிக்கொண்டு போனது.

யூட் தாங்கியைத் தோளில் தூக்கிவிட்டார்.

“எங்கை போறீர்?”

“ஒரே ஓட்டம்தான் அக்கா. வேலிக்கரை மட்டும்தானே. கவிட்டுப்போட்டு வந்திடுவன்.”

“விசரோ உமக்கு? வையும் அதை.”

“அதிலைதான் நல்ல காய் நிக்குது! ஐயாவுக்கு என்ன சொல்லப்போறியள்?”

கால் வைத்தேவிட்டார். நான் பின்னாலிருந்து சட்டையை இரண்டு கையாலும் பிடித்தேன். சட்டை தோளடியில் கிழிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

“விடுங்கோ அக்கா. நான் என்ன சின்னப்பிள்ளையோ?”

“உம்மடை வீட்டிலை ஏற்கெனவே ஒராளைத் தேடுகினம். ரெண்டாவது ஆளை நான் அனுப்பமாட்டன்.”

தாங்கி தோளிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவர் சுவரோடு சாய்ந்து அப்படியே குந்திவிட்டார். அதைச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று தோன்றியது. ஆனால் அதைவிட வேறு எந்தச் சொல் அவரை நிற்பாட்டியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கதவைச் சாத்தி, மேசையை அண்டைகொடுத்து, இருந்தோம். கூரை எழும்பி எழும்பி அமர்ந்தது. ஒவ்வொரு முறையும் இனி இது இல்லை என்றுதான் நினைத்தேன். யூட்டின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாதாவைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது. நானும் நல்லூர் முருகனைக் கூப்பிட்டேன். ஒழுங்கையில் மரங்கள் விழுந்து பாதை அடைபட்டதால் அன்று இரண்டு பேரும் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று.

விடிந்தபோது காற்று ஓய்ந்திருந்தது. தோட்டம் இருந்த இடத்தில் தண்ணீர். போனில் சிக்னலே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். புயல் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கோ கிழக்கே முகில் கிழிந்து வெளிச்சம் வருவதைக் கண்டதும் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. வெயில் ஏறினால் கிடாரம் சுடும். மண் அவிக்கிற அதே கிடாரம், உள்ளே இருக்கிற காயையும் அவித்துவிடும்.

போவதென்றால் நடுவில் கிணறு. எங்கள் தோட்டத்தில் கட்டுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று இருந்தது. மற்ற நாளில் சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்திருக்கும். இப்போது கம்பியும் இல்லை, கிணறும் தெரியவில்லை. ஒரே செம்மண் தண்ணீர், தொடைமட்டம், அசையாமல் கிடந்தது. எங்கே கால்வைத்தால் தரை, எங்கே வைத்தால் பாதாளம் என்று ஒரு அடையாளமும் இல்லை.

“நீர் குருநகருக்கு வெளிக்கிடும். நான் இதைப் பார்க்கிறன்” என்றேன்.

“தனியவோ?” யூட் களஞ்சிய அறையிலிருந்து கயிறு கொண்டுவந்தார். ஒரு தலைப்பை என் இடுப்பில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுதலைப்பைத் தூணில் சுற்றித் தன் கையில் பிடித்தார். “நான் போறன் எண்டாலும் விடமாட்டியள். நடவுங்கோ, நான் பிடிக்கிறன்.”

கிணறு எங்கே என்று யூட்டைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால் நான் போவதுதான் சரி. அல்லது தெரியும் என்று நினைத்தேன். கையில் நீளக் கம்பு. குத்திப் பார்ப்பது, தரை தட்டுப்பட்டால் ஒரு கால் வைப்பது, திரும்பக் குத்துவது. பாம்பொன்று நெளிந்துகொண்டு பக்கத்தால் போனது. அதற்குக்கூட எனக்குப் பயப்பட நேரமில்லை. வலதுபக்கம் விழுந்துகிடந்த கிணற்றடிக் கமுகமரத்தைக் குறியாய் வைத்துக் கிணற்றைச் சுற்றிப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கமுகு வேரோடு இழுபட்டு இடம்மாறிக் கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கம்பைக் குத்தினேன். தரை தட்டவில்லை. இன்னும் அமர்த்தினேன். கை முழங்கைவரை தண்ணீருக்குள் போயிற்று. தட்டவேயில்லை.

கிணற்றின் விளிம்பில் நிற்கிறேன். வலதுகால் பெருவிரலுக்குக் கீழே மண் மெல்லக் கரைந்து போவதை உணர்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே, கயிறு நின்றதை வைத்து யூட் விளங்கிக்கொண்டார்.

“அக்கா, காலைத் தூக்காதேங்கோ. அப்படியே பின்னுக்கு அரக்கி அரக்கி வாங்கோ. நான் இழுக்கிறன். விழமாட்டியள்.”

கயிறு இறுகியது. காலைத் தரையோடு தேய்த்துத் தேய்த்துப் பின்னே வந்தேன். இரண்டாம் முறை கம்பு தரையைத் தொட்டபோது அழுகை வந்துவிட்டது. திரும்பி வந்துவிடலாம் என்றிருந்தது. வந்திருந்தாலும் யாரும் என்னைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கிணறு இப்போது எங்கே என்று எனக்கு நிச்சயமாய்த் தெரிந்துவிட்டது. தெரியாத பயம் தெரிந்த பயமாகிவிட்டது. இடதுபக்கத்தால் வெகுதூரம் சுற்றி, தண்ணீருக்கு மேலே தெரிந்த பாத்திக்குப் போனேன்.

கிடாரத்தைத் தொட்டால் இளஞ்சூடு. கல்லை உருட்டிவிட்டு விளிம்பைத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஆவி முகத்தில் அடித்தது. ஒரு காய் மஞ்சளித்து உதிர்ந்து கிடந்தது. மற்ற இரண்டும் பச்சையாய், இறுகலாய், கிளையில் நின்றன.

நிமிர்ந்து வேலிக்கரையைப் பார்த்தேன். அந்தச் செடி வெறும் தடியாய் நின்றது. இலையுமில்லை, காயுமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். களஞ்சிய அறையிலிருந்து, பாத்தியைத் தொடாமல், தோட்டத்து ஓரத்தால் வேலிக்கரைக்குப் போகிற உயர்ந்த வரம்பு தண்ணீருக்கு மேலே சுத்தமாய்க் கிடந்தது. ஒரு தகரம் விழவில்லை, ஒரு மரம் சாயவில்லை. முதல்நாள் யூட் ஓடிப்போயிருந்தால், கவிழ்த்துவிட்டு உயிரோடு திரும்பி வந்திருப்பார். ஐயாவின் நல்ல காய்கள் தப்பியிருக்கும். யூட்டும் தூணடியில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முடிவு சரியா பிழையா என்பதைப் பிறகு நடந்ததை வைத்து அளக்காதீர்கள். அந்தத் தகரம் முருங்கையை வெட்டிக்கொண்டு போனதைக் கண்ட கணத்தில் எனக்குத் தெரிந்தது எவ்வளவோ, அதை வைத்துத்தான் அளக்கவேண்டும். திரும்ப அதே கணம் வந்தாலும் சட்டையைப் பிடிப்பேன்.

யூட் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேலால் ஏறி, குருநகருக்கு நடந்தார். பின்னேரம் எங்கோ ஒரு சிக்னல் கோபுரம் உயிர்பெற்று என் போன் அடித்தது. “அண்ணை வந்திட்டார் அக்கா” என்றார். தமையன் அன்ரன் படகு கவிழ்ந்து, ஆளில்லாத ஒரு திட்டில் ஒதுங்கி, மற்றொரு படகுக்காரரால் கரைசேர்ந்திருந்தார். கை முறிந்திருந்தது. படகும் வலையும் போய்விட்டன.

ஐயா தோட்டத்துக்குத் திரும்பியதும் எல்லோருக்கும் முன்னால் யூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தமையன் கடலில் தவிக்கையிலும் கடமையை விடாமல் நின்ற பிள்ளை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். யூட் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்தோம்.

அந்த இரண்டு காயிலும் சில விதை சப்பை. மற்றவை முளைத்தன. அடுத்த வருடக் கடைசியில் முதல் செடி பூத்தது. நாங்கள் தேடிய சிவப்பு இல்லை, அதைவிட வெளிறிய நிறம். ஆனால் மத்தியான வெயிலுக்கு அசையவில்லை. பின்னேரமாகியும் இதழ் சுருளவில்லை. அதைப் பார்க்க யூட் தன் தமையனையும் கூட்டிவந்திருந்தார். அன்ரன் அந்தப் புயலுக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கொஞ்சம் காற்றடித்தாலும் வீட்டுக்குள் போய்விடுகிறார் என்று சொல்லக் கேள்வி. மெலிந்துபோய், கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பூவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உதுக்கோடா அண்டைக்கு வீட்டை வராமல் நிண்டனீ?”

கேலியாகத்தான் கேட்டார். ஐயா உடனே, “உம்மடை தம்பியைப்போல வேலைக்காரன் ஆர் இருக்கினம்?” என்று தொடங்கினார். யூட் குறுக்கே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இல்லை ஐயா. நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு வெக்கமாயிருக்கு.” பிறகு தமையனைப் பார்த்தார். “பயத்திலை நிண்டனான் அண்ணை. வீட்டை போனால், நீ வரமாட்டாய் எண்டு ஆரும் வந்து சொல்லிப்போடுவினம் எண்ட பயம். இஞ்சை நிக்குமட்டும் நீ உயிரோடை இருந்தனீ.”

அன்ரன் நன்றாயிருந்த கையால் பக்கத்திலிருந்த வாங்குப் பலகையைத் தட்டிக்காட்டினார். யூட் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.